அஞ்சு வோல்ட்டைக் காணோம்!

பாஸ், நீங்க எந்த டிபார்ட்மென்ட்டா வேணா இருங்க. வீட்ல மிக்ஸி ஓடலைன்னா, 'இன்ஜினீயரிங் படிக்கிறியே, என்னன்னு பாரு'ன்னு உங்ககிட்டதான் நீட்டுவாங்க. நீங்களும் சும்மா இருக்க மாட்டீங்க. ரெண்டு தட்டு தட்டி, நெத்தியைச் சுருக்கி, 'மோட்டார் போச்சு'ன்னு தீர்ப்பு சொல்லிடுவீங்க. நானும் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னேன். அது ஒரு அக்காவோட கம்மலை அடகுக்கடை வரைக்கும் கொண்டுபோயிடுச்சு. அந்தக் கதைதான் இது.

கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல பூ விக்கிற அக்கா. எங்க ஹாஸ்டல் பசங்களுக்குக் கடன்ல டீ வாங்கிக் கொடுத்த புண்ணியவதி. தினமும் விடியறதுக்கு முன்னால ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உதிரிப்பூ வாங்கிட்டு வரணும். போக பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், வர அதே அளவு. அதுக்காக செகண்ட் ஹேண்டில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருந்தாங்க. 250 வாட்டைத் தாண்டாத மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல போகாத வேகம். அதனால டிரைவிங் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். சீட்டுக்கு அடியில 12 வோல்ட் பேட்டரி நாலு வரிசையா. மொத்தம் 48 வோல்ட்.

போகும்போது வண்டி ஒழுங்காப் போகும். பூ மூட்டையோட திரும்பும்போதுதான் வில்லங்கம். நாலஞ்சு கிலோமீட்டர் வந்ததும், மூச்சு நின்ன மாதிரி அப்படியே அமுங்கிடும். சாவியை அணைச்சு, ரெண்டு நிமிஷம் ஓரமா நின்னு, மறுபடி போட்டா ஓடும். ஒரு கிலோமீட்டர் தாண்டினா மறுபடி அமுங்கும். இருட்டு நேரம். மதுரை - கொல்லம் நெடுஞ்சாலை. பின்னாடியே வர்ற லாரிக்காரருக்கு முன்னால போற வண்டி திடீர்னு நிக்கும்னு ஜோசியமா தெரியும்? அது ஒரு பயம். ஏழு மணிக்கு மேல பூ வந்து சேர்ந்தா, காலேஜ் போற பொண்ணுங்க எல்லாம் பஸ் ஏறிப் போயிருக்கும். அது இன்னொரு பயம். வாடுற பொருளுக்கு நேரம்தானே விலை!

"தம்பி, நீ இந்தக் கரண்ட்டு படிப்புதானே படிக்கிற? வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். சக்கரம் பறந்துச்சு. மல்டிமீட்டர் வெச்சேன். 51.2 வோல்ட். நாலு பேட்டரியும் ஃபுல் சார்ஜ்ல இருந்தா அப்படித்தான் காட்டணும். 'பேட்டரி சூப்பர்'னு பாஸ் மார்க் போட்டேன். சக்கரத்துல லேசா ஒரு கரகர சத்தம். அவ்வளவுதான், பிடிச்சேன் பாயின்ட்டை! "ஹால் சென்சார் போச்சுக்கா. மோட்டாரையே மாத்தணும். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது."

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? அந்த வாரம்தான் எங்களுக்கு அந்தப் பாடம் நடந்துச்சு. இந்த வண்டிகள்ல இருக்கிறது பிரஷ் இல்லாத மோட்டார். பின்சக்கரத்துக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். சுத்துற காந்தம் இப்போ எங்கே இருக்குன்னு மூணு ஹால் சென்சார்கள் பார்த்து கன்ட்ரோலருக்குச் சொல்லும். அதை வெச்சு எந்தக் காயிலுக்கு எப்போ கரண்ட் விடணும்னு கன்ட்ரோலர் முடிவு பண்ணும். ஒரு சென்சார் மக்கர் பண்ணினா வண்டி திக்கித் திணறும். எல்லாம் சரிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரைகுறையாப் படிச்சவன் கண்ணுக்கு நின்ன வண்டியெல்லாம் ஹால் சென்சார்!

ஒரு வாரம் கழிச்சு அக்கா ஹாஸ்டல் கேட்டுக்கே வந்துட்டாங்க. காதுல கம்மல் இல்லை. தூர்ந்துடக் கூடாதுன்னு ரெண்டு காதுலயும் ஈர்க்குச்சி செருகியிருந்தாங்க. மோட்டாருக்காகக் கம்மலை வெச்சு ஏழாயிரம் வாங்கியாச்சு. ஆனா வண்டியைப் பார்த்த கடைக்காரர், 'மோட்டார் கிடக்கட்டும், முதல்ல நாலு பேட்டரியும் மாத்தணும், அதுக்குப் பதினோராயிரம்'னு சொல்லிட்டாராம்.

"நீ மோட்டாருங்கிற. அவரு பேட்டரிங்கிறாரு. எது நெசம் தம்பி?"

இதுவரைக்கும் எத்தனையோ வைவா அட்டெண்ட் பண்ணியிருக்கேன். இவ்வளவு கஷ்டமான கேள்வியை எந்த எக்ஸ்டெர்னலும் கேட்டதில்லை. ஏன்னா, அங்கே தப்பாச் சொன்னா எனக்கு ரெண்டு மார்க் போகும். இங்கே அக்காவுக்குப் பதினெட்டாயிரம் போகும். அதைவிட முக்கியம், 'எது நெசம்'னு எனக்கே தெரியாது. நான் சொன்னது யூகம். யூகத்துக்கு வெள்ளைக்கோட்டு மாட்டி அனுப்பியிருக்கேன்.

அடுத்த நாள் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். 1936-ல பி.ஏ.சி.ராமசாமி ராஜா நூற்பு மில் ஆரம்பிச்ச ஊர் அது. மில் இருக்கிற ஊர்ல மோட்டார் இருக்கும். மோட்டார் இருக்கிற ஊர்ல காயில் கட்டுற கடை இருக்கும். அப்படி ஒரு கடையில, மூக்குக் கண்ணாடிக்கு மேலால எட்டிப் பார்த்த பெரியவர்கிட்ட, 'ஐயா, இந்த மாதிரி ஹப் மோட்டாரைப் பிரிச்சு சென்சார் மட்டும் மாத்த முடியுமா?'ன்னு கேட்டேன். கதையை முழுசாச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எல்லாம் ஸ்டாண்ட்ல போட்டுத்தானே பாத்த?"

"ஆமாய்யா."

"சும்மா சுத்தும்போது எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தாம்ப்பா. லோடு குடுத்துப் பாத்தியா?"

பல்பு வாங்குறதுன்னு சொல்வாங்களே... அன்னிக்கு நான் வாங்கினது டியூப் லைட்!

யோசிச்சுப் பாருங்க. பாத்ரூம்ல நாம எல்லாருமே நல்லாத்தான் பாடுறோம். கல்ச்சுரல்ஸ் மேடையில ஏத்திவிட்டாத்தான் குரலோட வண்டவாளம் தெரியும். வண்டியும் அப்படித்தான். சென்டர் ஸ்டாண்ட்ல சக்கரம் காத்துல சுத்தும்போது மோட்டார் கொஞ்சூண்டு கரண்ட்தான் இழுக்கும். ஆளும் மூட்டையும் ஏறின பிறகுதான் நிஜமான கரண்ட் ஓடும். 250 வாட்ங்கிறது அரை மணி நேரம் விடாம ஓடுறதுக்கான கணக்கு. பாரத்தோட கிளம்புறப்போ, ஏத்தம் ஏறுறப்போ கொஞ்ச நேரத்துக்கு அதுக்கு மேலயும் இழுக்கும். மாடித் தொட்டியிலயிருந்து வர்ற குழாய் பாதி அடைச்சிருந்தா, டேப்பை மூடி வெச்சிருக்கிற வரைக்கும் தெரியுமா? திறந்தாத்தானே தெரியும்! நான் மூடின டேப்பைப் பார்த்து சர்ட்டிஃபிகேட் கொடுத்திருக்கேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். வத்திராயிருப்பு ரோடு. தூரத்துல மலை, ரோட்டுல ஆளே இல்லை. நான் ஓட்ட, பின்னால என் ரூம்மேட். பூ மூட்டைக்கு பதிலா அவன்! (பூ மூட்டையே பரவாயில்லை. அதாவது பேசாது.) கன்ட்ரோலருக்குள்ள கரண்ட் நுழையற இடத்துல மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் டேப் சுத்திக் கட்டியாச்சு. மீட்டர் அவன் மடியில. கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி கத்திக்கிட்டே வந்தான்.

"அம்பத்தொண்ணு... நாப்பத்தேழு... நாப்பத்தஞ்சு... மச்சி, இறங்குதுடா... நாப்பத்து மூணு... நாப்பத்தொண்ணு புள்ளி எட்டு..."

டப். வண்டி அமுங்கிடுச்சு.

அவன் மடியில மீட்டர் உடனே 51-க்குத் திரும்பிடுச்சு. அப்போதான் வண்டி ஏன் நிக்குதுன்னு புரிஞ்சது. மோட்டார் சாகலை. கன்ட்ரோலர்தான் வேணும்னே நிறுத்துது. இந்த மாதிரி பேட்டரியை 42 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டா அதோட ஆயுசு குறைஞ்சுடும்னு, கன்ட்ரோலரே சப்ளையைக் கட் பண்ணிடும். லோடு போனதும் வோல்ட்டேஜ் ஏறிடும். சாவியைப் போட்டா மறுபடி ஓடும். அக்கா சொன்ன அதே ரெண்டு நிமிஷக் கதை!

"அப்போ பேட்டரிக் கடைக்காரர் சொன்னதுதான் கரெக்ட். வா போலாம்"னு ரூம்மேட் கிளம்பிட்டான். நானும் கிளம்பியிருப்பேன். ஆனா ஒரு வாரத்துக்குள்ள ரெண்டாவது யூகம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஈர்க்குச்சி கண்ணுக்குள்ளயே நின்னுச்சு.

அதனால, அதே ரோட்டுல, அதே இடத்துல, அதே முறுக்குல இன்னும் நாலு தடவை ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பேட்டரிக்கு மீட்டர். லோடுல நாலும் காட்டினது இது: 11.9, 11.8, 11.8, 11.7. பேட்டரி கெட்டிருந்தா அதுல ஏதாவது ஒண்ணு தடால்னு எட்டுக்கோ ஒன்பதுக்கோ விழுந்திருக்கணும். விழலை. நாலும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணாத்தான் இறங்கினாங்க. கூட்டிப் பாருங்க. 47.2.

பேட்டரியிலயிருந்து கிளம்பினது 47.2. கன்ட்ரோலருக்கு வந்து சேர்ந்தது 41.8. நடுவுல அஞ்சு புள்ளி நாலு வோல்ட்டைக் காணோம்!

இந்த இடத்துல உங்க எல்லாருக்கும் பழக்கமான ஒருத்தரைக் கூப்பிடணும். குஸ்டாவ் கிர்ச்சாஃப். ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினோமே, ஒரு மூடின சுத்துல எல்லா வோல்ட்டேஜையும் கூட்டினா பூஜ்யம் வரணும்னு... அவரேதான். 1845-ல அந்த விதியைச் சொன்னப்போ அவர் புரொஃபசர் எல்லாம் இல்லை. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டிருந்த 21 வயசு ஸ்டூடன்ட். என்னைவிட ஒரே ஒரு வயசுதான் மூத்தவர்! அந்த விதியை நான் அஞ்சாறு தடவை பரீட்சையில எழுதியிருக்கேன். நம்பினது அன்னிக்குத்தான். கணக்கு உதைச்சா, காணாமப் போன வோல்ட்டேஜ் வழியில எங்கேயோதான் இருக்கணும். ஆவியாப் போயிடாது.

பேட்டரியிலயிருந்து கன்ட்ரோலர் வரைக்கும் இருக்கிற ஒவ்வொரு ஜாயின்ட்டா மீட்டரை வெச்சோம். நல்ல ஒயரோட ரெண்டு முனைக்கும் நடுவுல வோல்ட்டேஜே இருக்கக் கூடாது. இருந்தாலும் துளியூண்டுதான் இருக்கணும். பேட்டரிக்குப் பேட்டரி போற ஒயர்கள் ஓகே. பெரிய பிளக் ஓகே. கடைசியா, சீட்டுக்கு அடியில இருக்கிற எம்.சி.பி. வீட்டு மெயின் போர்டுல இருக்குமே, அதே மாதிரி ஒரு குட்டி சுவிட்ச். அது உள்ளே போற முனைக்கும் வெளியே வர்ற முனைக்கும் நடுவுல...

"மச்சி... அஞ்சு புள்ளி ஒண்ணு!"

திருடன் அகப்பட்டான். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, ஆர்வக்கோளாறுல விரலை வெச்சேன். 'ஆ'ன்னு கத்தினது மலை வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்குரூ லூஸ். அதுக்குள்ள செருகியிருந்த ஒயர் முனை கருகிப் போய், சுத்தி இருந்த பிளாஸ்டிக் உருகி, எம்.சி.பி.யோட ஒரு பக்கம் பழுப்பு நிறத்துல இருந்துச்சு.

திங்கக்கிழமை லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட கெஞ்சி ஒரு டி.சி. கிளாம்ப் மீட்டர் வாங்கிட்டு வந்து, அதே லோடுல கரண்ட்டையும் அளந்தேன். ஒயரை வெட்டாம, அதைச் சுத்திக் கவ்விப் பிடிச்சே கரண்ட் சொல்ற மீட்டர். (சாதாரண ஏ.சி. கிளாம்ப் மீட்டர் இதுக்கு ஆகாது.) இதுக்குள்ள என்ன வேலை செய்யுது தெரியுமா? நான் பழி போட்ட அதே ஹால் சங்கதிதான்! எட்வின் ஹால் 1879-ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ கண்டுபிடிச்சது. 'உன்னைப்போய்த் தப்பா நினைச்சுட்டேனே'ன்னு மனசுக்குள்ள ஒரு ஸாரி சொல்லிக்கிட்டேன்.

மீட்டர் காட்டினது 14 ஆம்பியர். இப்போ ஃபர்ஸ்ட் இயர் கணக்கு. 5.1 வோல்ட்டை 14 ஆம்பியரால பெருக்குங்க. 71 வாட். நம்ம லேப்ல இருக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அது மாதிரி கிட்டத்தட்ட மூணு சால்டரிங் அயர்ன், அக்கா உக்கார்ற சீட்டுக்கு அடியில, பிளாஸ்டிக்குக்கும் ஃபோமுக்கும் நடுவுல, வண்டி பாரத்துல இழுக்கிறப்போ எல்லாம் சூடேறிக்கிட்டு இருந்திருக்கு. சூடேற ஏற முனை கருகும். கருகக் கருகத் தடை ஏறும். தடை ஏற ஏற இன்னும் சூடேறும். அதனாலதான் கிளம்பும்போது நல்லா இருந்த வண்டி, நாலஞ்சு கிலோமீட்டர் கழிச்சு அமுங்கியிருக்கு.

அந்தக் கணக்கைப் போட்டு முடிச்சப்போ எனக்கு வேர்த்துடுச்சு. 2022 மார்ச்ல வேலூர்ல, ராத்திரி சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் பைக் எரிஞ்சு, வீட்டுக்குள்ள புகையில ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனாங்க. அந்த வருஷம் இந்த மாதிரி அடுத்தடுத்து வண்டிகள் எரிஞ்ச பிறகுதான், டிசம்பர்லயிருந்து ஏ.ஐ.எஸ்.-156ங்கிற பேட்டரி பாதுகாப்பு விதிகளை அரசு இறுக்கிச்சு. அது வேற மாதிரி கேஸ், அக்கா வண்டியில இருக்கிறது பழைய ஈய-அமில பேட்டரி. ஆனா கருகுற ஒயருக்கு அந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. 'ஓட்டுங்கக்கா, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னது யாரு? நான்தான். நாம தப்பாச் சொல்ற ஒரு தீர்ப்பால வீணாப் போறது பணம் மட்டும் இல்லை. நிஜமான தப்பு அங்கேயே உக்காந்து வளர்ந்துக்கிட்டு இருக்கும்.

மிச்சக் கதை சின்னது. பேட்டரி இணைப்பை முதல்ல கழட்டினோம். (கையில மோதிரம், வாட்ச் இருந்தா அதையும் கழட்டிடுங்க. பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு ஸ்பேனர் தவறி விழுந்தாப் போதும், தீபாவளிதான்!) கருகின ஒயரை ரெண்டு இஞ்ச் வெட்டி எறிஞ்சு, பளபளன்னு செம்பு தெரியற வரைக்கும் சீவி, புது லக் போட்டு அழுத்தி, டி.சி.க்கான புது எம்.சி.பி. மாட்டி, ஸ்குரூவை நல்லா இறுக்கினோம். மொத்தச் செலவு 340 ரூபாய். மறுபடி வத்திராயிருப்பு ரோடு. மறுபடி ரூம்மேட் மூட்டை. லோடுல கன்ட்ரோலருக்கு வந்து சேர்ந்தது 46.8. வண்டி அமுங்கவே இல்லை. ரூம்மேட்தான் 'போதும்டா, இறக்கி விடு'ன்னு அமுங்கினான்.

உங்க தெருவுலயும் இப்படி ஒரு வண்டி கட்டாயம் இருக்கும். அதனால வரிசையைச் சொல்லிடுறேன். முதல்ல பிரேக் லிவர் முழுசாத் திரும்புதான்னு பாருங்க. அது பாதியில சிக்கினாலே மோட்டாருக்குச் சப்ளை கட் ஆயிடும். அப்புறம் ஓடுற வண்டியில, கன்ட்ரோலர் வாசல்ல வோல்ட்டேஜ். அடுத்து ஒவ்வொரு பேட்டரி. அடுத்து ஒவ்வொரு ஜாயின்ட். எல்லாம் சரியா இருந்தாத்தான் மோட்டார்கிட்டயே போகணும். சக்கரத்தைக் கையால மெதுவாச் சுத்தி, மூணு ஹால் சென்சார் ஒயரும் மாறி மாறி வோல்ட்டேஜ் காட்டுதான்னு பார்க்கணும். நான் கடைசியா அதையும் பார்த்தேன். மூணும் ஜம்முனு இருந்துச்சு. அந்தக் கரகர சத்தம்? பிரேக் ஷூ உரசினது!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃபேக்டரிகள் வந்ததுலயிருந்து, கேம்பஸ்ல பாதிப் பேருக்கு 'ஈ.வி. கம்பெனியில சேரணும் மச்சி'ங்கிறதுதான் கனவு. எனக்கும்தான். ஆனா 'பிரஷ் இல்லாத மோட்டார் எப்படி வேலை செய்யுது'ன்னு கேட்டா ரெண்டு பக்கம் எழுதுற எனக்கு, லூஸான ஒரு ஸ்குரூவைக் கண்டுபிடிக்க ஒரு பெரியவரோட ஒத்தைக் கேள்வி தேவைப்பட்டுச்சு. படிச்சது தப்பில்லை. படிச்சதையே பதிலா நீட்டினதுதான் தப்பு.

அக்காகிட்ட வண்டியை ஒப்படைச்சப்போ உண்மையைச் சொல்லிட்டேன். "மோட்டாரும் நல்லா இருக்கு, பேட்டரியும் இப்போதைக்கு நல்லா இருக்குக்கா. ஒரு ஸ்குரூதான். நான் சொன்னது தப்பு." கம்மலைத் திருப்பப் பணம் அப்படியே இருந்துச்சு, வட்டி மட்டும்தான் கூடுதல். அந்த வட்டியை நான் தர்றேன்னு சொன்னேன். வாங்கலை. பூவை எடுத்து முழங்கையில வெச்சு அளந்துக்கிட்டே சொன்னாங்க:

"பத்து ரூவாய்ப் பூவையே நான் அளந்துதானே குடுக்குறேன் தம்பி. நீ எம்புட்டுப் பெரிய விஷயத்தை அளக்காமச் சொல்லிப்புட்டே!"

அன்னிக்கு சாயங்காலம் என் மல்டிமீட்டரோட கறுப்பு ஒயர்ல ஒரு முழம் மல்லிகை தொங்கிச்சு. ஹாஸ்டல் பூரா ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினாங்க. ஓட்டட்டும். இனிமே யாராவது 'என்ன கோளாறு, பாத்துச் சொல்லு'ன்னு கேட்டா, நான் சொல்ற முதல் பதில் இதுதான்: "தெரியலை. அளந்துட்டுச் சொல்றேன்."